உடைந்த ஊசியை ஒளிக்காத லைன்

வணக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை. துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மொட்டை மாடியில் கேமராவை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். பின்னால் கேட்பது அடுத்த தெருவில் ஓடும் ஓவர்லாக் மெஷினின் சத்தம். திருப்பூரில் விடுமுறை நாளானாலும் எங்காவது ஒரு மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் ஒரு தங்கை எனக்கு எழுதியிருந்தார். எட்டு ஆண்டுகளாக, மடிப்பு தைக்கும் ஃப்ளாட்லாக் மெஷினில் டைலராக இருக்கிறார். அடுத்த மாதம் முதல் லைன் சூப்பர்வைசர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்படி கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். "எனக்குக் கத்திப் பேச வராதுங்க்கா. நான் சூப்பர்வைசர் ஆனா லைன் ஓடுமாங்க்கா?" என்று கேட்டிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நான் தூக்கம் கெட்ட கேள்வியும் இதுதான். ஆகவே இன்றைய பதிவு முழுவதும் அந்தத் தங்கைக்கான பதில்.

பனியன் கம்பெனிக்குள் வந்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு டீ-சர்ட்டை ஒருவரே முழுவதும் தைப்பதில்லை. ஒருவர் தோள்பட்டையை இணைப்பார், அடுத்தவர் கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டியைப் பொருத்துவார், பிறகு கை, பக்கவாட்டுத் தையல், கடைசியாகக் கீழ் மடிப்பு என்று துணி கைமாறிக்கொண்டே போகும். இடையிடையே எடுத்துக்கொடுக்கவும் மடிக்கவும் பிசிர் வெட்டவும் கைமடிகள் இருப்பார்கள். இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட அந்த வரிசையைத்தான் லைன் என்கிறோம். சூப்பர்வைசர் அந்த வரிசையின் நீளத்துக்கு நாள் முழுவதும் நடந்துகொண்டே இருப்பவர். மணிக்கு எத்தனை துண்டு என்று மேலே இருப்பவர்கள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

நான் 19 வயதில் கைமடியாகச் சேர்ந்தபோது எங்கள் லைனில் இருந்த சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் பக்கத்து ஹாலுக்குக் கேட்கும். ஒரு நாள் நான் துணி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த டைலர் அக்காவின் ஊசி உடைந்தது. ஏற்றுமதிச் சரக்கில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள்; அந்தத் துண்டுகளை ஒன்று சேர்த்து, டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் மெஷின் எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு சிறு நுனி குறைந்தாலும் மெஷினைச் சுற்றியிருக்கும் சரக்கு முழுவதையும் ஒதுக்கிவைத்துத் தேட வேண்டும், தேடி முடிக்கும் வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. போடப்போவது யாரோ ஒரு குழந்தை என்பதால் வந்த கட்டுப்பாடு அது.

அந்த அக்கா அக்கம்பக்கம் பார்த்தார். எங்கோ ஒளித்துவைத்திருந்த பழைய ஊசி ஒன்றை எடுத்து, கண் மூடித் திறப்பதற்குள் மாட்டிக்கொண்டு தைக்கத் தொடங்கிவிட்டார். பார்த்த நானும் வாய் திறக்கவில்லை. மாலையில் பேக்கிங் பிரிவில், துணிக்குள் ஊசித் துண்டு இருந்தால் காட்டிக்கொடுக்கும் நீடில் டிடெக்டர் மெஷின் ஒரு குழந்தைச் சட்டையில் ஒலி எழுப்பியது. அதற்குப் பிறகு அந்த பேட்ச் முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்து நாங்கள் வீடு போய்ச் சேர இரவு பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. தடித்த மடிப்பில் ஏறும்போது ஊசி உடையத்தான் செய்யும், அதில் யார் மீதும் தவறு இல்லை. உடைந்ததை ஒளித்ததுதான் எங்கள் இரவைத் தின்றது. ஒளிக்க வைத்தது அந்தக் குரல். அந்த நாளுக்குப் பிறகு, கத்தினால்தான் லைன் ஓடும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

சூப்பர்வைசர் ஆன முதல் நாள் என் லைனில் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஊசி உடைஞ்சா கையைத் தூக்குங்க. யாருன்னு கேக்க மாட்டேன், எங்கேன்னு மட்டும் கேப்பேன்." முதல் இரண்டு வாரங்கள் ஒருவரும் கை தூக்கவில்லை. மூன்றாவது வாரம், ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். தூக்கிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு நானும் அவளும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். நீடில் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தபோது, எண்ணெய்ப் பசையில் அரிசி நொய் அளவில் அந்த நுனி ஒட்டியிருந்தது. போனது ஏழு நிமிடம். மேனேஜர் வந்து கேட்டபோது, அந்த ஏழு நிமிடத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதை லைன் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு கைகள் தானாகவே உயர்ந்தன, ஊசிக்கு மட்டுமல்லாமல் தையல் விடுவதற்கும், ரிப் அளவு மாறி வந்ததற்கும், கட்டிங்கில் இருந்து வந்த கோளாறுக்கும்.

இனி காலை நேரத்துக்கு வருகிறேன். வேலை தொடங்கிய முதல் அரை மணி நேரம் நான் உட்காருவதே கிடையாது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தபடி லைனை இரண்டு முறை நடந்து வருவேன். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யாருக்குக் கண் சிவந்திருக்கிறது, யாருடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அந்த நடையிலேயே தெரிந்துவிடும். "அந்த அக்கா பாசமா பாத்துக்குவாங்க" என்று சொல்வார்கள். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது, அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தோள்பட்டை இணைக்க ஒரு துண்டுக்கு 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 120 துண்டு. அடுத்ததாகக் கழுத்து ரிப் பொருத்த 45 விநாடி. மணிக்கு 80 துண்டுதான். அப்படியானால் மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைனுக்கு 80தான் கிடைக்கும். அன்றைக்கு அந்தக் கழுத்து டைலருக்கு மாதவிடாய் வலி, ஒரு துண்டுக்கு 55 விநாடி ஆகிறது என்றால் எண்ணிக்கை 65க்கு இறங்கிவிடும். எட்டரை மணிக்கு, "உடம்புக்கு என்ன கண்ணு?" என்று நான் கேட்பது அவளுக்காகவும்தான், அந்தப் பதினைந்து துண்டுகளுக்காகவும்தான். அவளை லேபிள் வைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, கழுத்து தைக்கத் தெரிந்த இன்னொருவரை அங்கே உட்கார வைப்பேன். அப்படிச் செய்யாமல் அவளைத் திட்டினால் பத்து நிமிடம் வேகம் கூடும். பிறகு தையல் கோணும், செக்கிங்கில் ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய துண்டுகள், குவியும். தைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடத் தையலைப் பிரிப்பதற்கு அதிக நேரம் ஆகும் என்பது ஊசி பிடித்த எல்லோருக்கும் தெரியும்.

இதோ, இந்த நோட்டைப் பாருங்கள்; கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். இடது பக்கம் ஒவ்வொருவரும் இப்போது செய்யும் வேலை. வலது பக்கத்துக்கு நான் "இரண்டாவது கை" என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்த வேறு வேலை. சனிக்கிழமைகளில் சரக்கு குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு கைமடியை மெஷினில் உட்கார வைத்து வேஸ்ட் துணியில் தைத்துப் பழகச் சொல்வேன். ஆறு ஆண்டுகளில் என் லைனிலிருந்து நான்கு கைமடிகள் டைலர் ஆகியிருக்கிறார்கள். இந்த வலது பக்கம் நிறைந்திருந்தால்தான் ஒருவர் விடுப்புக் கேட்கும்போது முகம் சுளிக்காமல் கொடுக்க முடியும்.

இன்னொன்றையும் இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தண்ணீரே குடிக்காமல் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஏராளம். நானும் அப்படி இருந்து, நீர்க்கடுப்பு வந்து மருத்துவமனைக்கு அலைந்தவள். ஆகவே என் லைனில் யாரும் கேட்க வேண்டியதில்லை. எல்லா வேலையும் தெரிந்த ஒரு டைலர், காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்காருவார். அவர் வந்து நின்றால் எழுந்து போய்வரலாம் என்று பொருள். நான் செய்த மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளிடம், "பானி பியா?", தண்ணீர் குடித்தாயா, என்று இந்தியில் கேட்கப் பழகிக்கொண்டேன். அவர்கள் என்னை தீதீ, அதாவது அக்கா, என்று அழைக்கிறார்கள்.

சரி, எல்லோரும் சொந்தம்போல் ஆகிவிட்டால் கண்டிப்பது எப்படி? கடினமான இடம் இதுதான், எனக்கு இது மிகவும் வலித்தது. என்னோடு பதினொரு ஆண்டுகள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட தோழி, நான் சூப்பர்வைசர் ஆன பிறகு தொடர்ந்து மூன்று நாட்கள் தாமதமாக வந்தாள். லைனில் வைத்து நான் எதுவும் பேசவில்லை. டீ நேரத்தில் மாடிப்படிக்கு அழைத்துப் போய், "நீ என் ஃப்ரெண்டுன்னு உன்னை விட்டுட்டா மத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் போய் அமர்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஆனாலும் நான் இடம் மாறி உட்காரவில்லை. மற்றவர்களுடைய விடுப்பையும் சம்பளத்தையும் பற்றி அந்த வட்டத்தில் பேசுவதை மட்டும் அடியோடு நிறுத்திக்கொண்டேன். பழைய நெருக்கம் முழுவதுமாகத் திரும்பி வரவில்லை என்பதையும் அந்தத் தங்கையிடம் மறைக்க விரும்பவில்லை.

முதல் சில மாதங்கள் உங்கள் சொல்லுக்கு எடை இருக்காது. பழைய ஆண் டைலர்கள், "மெஷின்ல கோளாறுன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்பார்கள். இது உங்கள் குறை என்று நினைத்துவிடாதீர்கள். வங்கதேசத்தின் ஆடை ஆலைகளில் பெண் டைலர்களுக்குச் சூப்பர்வைசர் பயிற்சி கொடுத்து ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்த ஆய்வு நடந்தபோது அங்கே மெஷினில் அமர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். சூப்பர்வைசர்களிலோ இருபதில் ஒருவர் அளவுக்குத்தான் பெண்கள். தொடக்கத்தில் தொழிலாளர்கள் பெண் சூப்பர்வைசர்களைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள், லைனின் வேலையும் சற்றுப் பின்தங்கியது. சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்த பிறகு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பங்கேற்கும் பெட்டர் வொர்க் திட்டத்தின் மதிப்பீட்டில், பயிற்சி பெற்ற பெண் சூப்பர்வைசர்களின் லைன்களில் உற்பத்தித்திறன் 22 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே முதல் மாதத்து எண்ணிக்கையை வைத்து உங்களை அளக்க வந்தால், இன்னும் நான்கு மாதம் கொடுங்கள் என்று தலை நிமிர்ந்து கேளுங்கள். மெஷின் விஷயத்தில், நூல் இறுக்கத்தையும் டைமிங்கையும் சரிசெய்ய நான் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை.

பெண் சூப்பர்வைசர் என்றால் எல்லாக் கண்ணீரும் உங்கள் தோளில்தான் வந்து விழும். அதில் ஒன்றை மட்டும் நீங்கள் தனியாகச் சுமக்கக்கூடாது. ஒரு பெண் தன்னிடம் ஒருவன் தவறாக நடந்துகொண்டான் என்று சொன்னால், சமாதானம் பேசி அனுப்பிவிடாதீர்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். 2021இல் திண்டுக்கல் பக்கத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஒரு பெண் கொலை செய்யப்பட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு 2022இல் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடிப் பெற்ற திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தொழிலாளர்களிலேயே 25 பேருக்கு ஒருவர் என்று, இத்தகைய தொல்லைகளைக் கவனிக்கும் கண்காணிப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து நிறுத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் லைன்தான் நினைவுக்கு வந்தது. கை தூக்கினால் பார்ப்பதற்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும், ஊசிக்கும் அதுதான், மானத்துக்கும் அதுதான்.

கடைசியாகச் சம்பளம். எனக்குப் பொறுப்பைக் கொடுத்தபோது கடிதம் எதுவும் தரவில்லை, "பாத்துக்கம்மா" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். ஒன்றரை ஆண்டு டைலர் சம்பளத்திலேயே லைனை நடத்தினேன். பக்கத்து லைனில் எனக்குப் பிறகு வந்த ஆண் சூப்பர்வைசருக்கு மாதச் சம்பளம் முதல் நாளிலிருந்தே வேறு. அதைக் கேட்டு வாங்குவதற்கு, என் லைனின் ஆல்டர் எண்ணிக்கையையும் ஊசிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நான் மூன்று முறை ஆபீஸ் ஏற வேண்டியிருந்தது. "பெண்கள் இயல்பாகவே பொறுமைசாலிகள்" என்று அங்கே ஒருவர் சொன்னார். இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. தங்கை, நீங்கள் சரி என்று சொல்வதற்கு முன்பே பதவி உயர்வுக் கடிதத்தையும், சம்பளம் மாதக் கணக்கா ஷிப்ட் கணக்கா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பீஸ் ரேட்டில், அதாவது துண்டுக்கு இவ்வளவு என்ற கூலியில், நன்றாகத் தைக்கிறவராக இருந்தால் இப்போது கிடைப்பதைவிடக் குறையவும் கூடும், கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

உங்கள் லைனிலும் சீக்கிரமே ஓர் ஊசி உடையும். அப்போது கை தூக்கியவர் யார், தேடி எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.