மவுஸை அசைத்தால் ஹெட்போனில் கிர்ர்... தனி சவுண்ட் கார்டு தேவையா?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். "டெஸ்க்டாப்பில் மதர்போர்டோடு வந்த ஆடியோவைத்தான் பயன்படுத்துகிறேன். ஹெட்போன் போட்டால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ர் என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. தனியாக சவுண்ட் கார்டு போட்டால் போய்விடுமா? நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடக்கும் பழைய கார்டைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?"

இரைச்சல் போகலாம், போகாமலும் இருக்கலாம். மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். இரைச்சல் எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்க்காமல் கார்டு வாங்குவது, குழாய் ஒழுகுகிறது என்று தண்ணீர்த் தொட்டியை மாற்றுகிற மாதிரி.

ஹெட்போனை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. கேபினெட்டின் முன்பக்கம் என்றுதான் நினைக்கிறேன், நாம் எல்லோருமே அங்கேதான் செருகுவோம். அந்த முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கேபினெட்டுக்குள்ளேயே ஓடி, மதர்போர்டின் கீழ் மூலைக்குப் போகும். போகிற வழியில் கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தில்தான் போகிறது. பல கேபினெட்டுகளில் அந்த ஒயருக்குச் சரியான கவசம் இருக்காது. நீங்கள் மவுஸை அசைக்கும்போது திரையில் காட்சி மாறுகிறது, கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் இழுக்கும் மின்சாரம் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒயரில் தொற்றிக்கொண்டு உங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. எனவே முதலில் கேபினெட்டின் பின்பக்கம் இருக்கிற பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். ஹெட்போன் ஒயர் எட்டவில்லை என்றால் ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். இரைச்சல் நின்றுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, கார்டு எதற்கு?

இதில் நான் ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். எனக்கு ஹெட்போனில் இல்லை, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். ஆன்போர்டு ஆடியோதான் மட்டம் என்று நானே தீர்ப்பு எழுதி, கார்டு வாங்கி, கேபினெட்டைத் திறந்து மாட்டினேன். ரீங்காரம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், கம்ப்யூட்டர் ஒரு சுவர் பிளக்கில், ஸ்பீக்கர் அறையின் இன்னொரு மூலையில் இருக்கிற பிளக்கில். இப்படி இரண்டு கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, அந்த வித்தியாசம் ஒலி ஒயரில் ரீங்காரமாக ஏறுவதை கிரவுண்ட் லூப் என்பார்கள். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போட்டேன், நின்றுவிட்டது. லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறதா? அப்படியென்றால் அங்கேயும் கோளாறு சவுண்ட் சிப்பில் இல்லை, மின் இணைப்பில்.

இன்னொன்று, ப்ளூடூத் ஹெட்போனோ, யுஎஸ்பி ஹெட்செட்டோ, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் ஸ்பீக்கரோ பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கேள்வியையே மறந்துவிடலாம். அங்கே டிஜிட்டலை ஒலி அலையாக மாற்றும் வேலை அந்தந்தக் கருவிக்குள்ளேயே நடக்கிறது. நீங்கள் போடும் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் ஏன் எல்லோரும் சவுண்ட் கார்டு, சவுண்ட் கார்டு என்கிறார்கள்? ஒரு காலத்தில் அது உண்மையிலேயே தேவைப்பட்டது. 1989-இல் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது, பல பிசிக்களில் இருந்ததெல்லாம் பீப் பீப் என்று கத்தும் ஒரு குட்டி ஸ்பீக்கர்தான். இன்டெல் 1997-இல் ஏசி97, 2004-இல் எச்டி ஆடியோ என்று தரங்களைக் கொண்டுவந்த பிறகு, போர்டிலேயே ஒலி வருவது சாதாரணமாகிவிட்டது. அப்போதும் கேம் ஆடுகிறவர்கள் தனி கார்டை விடவில்லை. முப்பரிமாண ஒலிக் கணக்கை அது செய்ததால் பிராசஸருக்குச் சுமை குறைந்தது. விண்டோஸ் விஸ்டா வந்ததும் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள், ஒலிக் கணக்கு மென்பொருளுக்கு மாறியது. இன்றைய பிராசஸருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கார்டு போட்டால் கேம் வேகமாக ஓடும் என்று இன்னும் யாராவது சொன்னால், அவர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார்.

தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிடியின் 16 பிட் ஒலிக்கு, மிக மெல்லிய சத்தத்துக்கும் உச்ச சத்தத்துக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி உண்டு. நல்ல மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 சிப்புக்கு, சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 120 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். அது சிப்பின் கணக்கு. போர்டில் பத்து சமாச்சாரங்களுக்கு நடுவே உட்கார்ந்த பிறகு அவ்வளவு வராது. ஆனாலும் பாட்டு கேட்க, படம் பார்க்க அது தாராளம். காசு இருந்தால் நான் முதலில் ஹெட்போனைத்தான் மாற்றுவேன். வித்தியாசம் காதில் கேட்கும்.

தனிக் கருவி நிஜமாகவே வேண்டிய இடங்களும் உண்டு. உங்களிடம் 250 அல்லது 300 ஓம் என்று மின்தடை அதிகமான ஹெட்போன் இருந்து, வால்யூமை 100-இல் வைத்தும் சத்தம் போதவில்லை என்றால், அதைத் தள்ளுவதற்கு ஆம்ப்ளிபயர் வேண்டும். பாட்டு பதிவு செய்கிறவர்கள், கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அந்த மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டும். கேம் ஆடுவதற்காக விற்கும் சவுண்ட் கார்டு அவர்களுக்கு உதவாது, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்பேஸ் என்ற கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பின்பக்கம் செருகியும் உங்கள் இரைச்சல் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேபினெட்டுக்குள் மாட்டும் கார்டை நான் முதலில் சொல்ல மாட்டேன். இரைச்சல் பிறக்கிற அதே பெட்டிக்குள் அதையும் கொண்டுபோய் வைக்கிறோம். ஐந்து, ஏழு ஸ்பீக்கர்களைத் தனித்தனி அனலாக் ஒயரில் இணைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் சரி. மற்றவர்களுக்கு வெளியே வைக்கும் சின்ன யுஎஸ்பி டேக் (DAC, டிஜிட்டலை ஒலி அலையாக மாற்றும் கருவி) போதும். அதுவும் கம்ப்யூட்டரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது என்பதால் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் ஒலியாக மாறும் இடம் பெட்டிக்கு வெளியே வந்துவிடுகிறது. போனுக்காக வாங்கிய டைப்-சி ஹெட்போன் அடாப்டர் வீட்டில் இருந்தால், அதையே கம்ப்யூட்டரில் செருகிச் சோதித்துப் பாருங்கள். உள்ளே டேக் சிப் இருக்கிற அடாப்டராக இருந்தால் வேலை செய்யும். வெறும் ஒயரை மட்டும் மாற்றித் தருகிற வகை என்றால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

நண்பர் தருகிற கார்டுக்கு வருவோம். அது பிசிஐயா, பிசிஐ எக்ஸ்பிரஸா என்று பாருங்கள். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டின் இரண்டு வகைகள் இவை. பழைய பிசிஐ ஸ்லாட் இப்போதைய மதர்போர்டுகளில் கிடையாது என்றே சொல்லலாம். ஸ்லாட் பொருந்தினாலும், உங்கள் விண்டோஸுக்கு அந்த நிறுவனம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கொடுத்திருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள். பழைய கார்டுகள் பாதிப் பேரிடம் சும்மா கிடப்பதற்குக் காரணமே டிரைவர் இல்லாததுதான். இரண்டும் சரியென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், சும்மா வருவதை ஏன் விடுவானேன்? கிராபிக்ஸ் கார்டிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்கள். மாட்டிய பிறகு விண்டோஸில் அவுட்புட்டை அந்தக் கார்டுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். ஹெட்போனைக் கார்டின் பின்பக்க ஜாக்கிலேயே செருகுங்கள். முன்பக்க ஒயரைக் கொண்டுவந்து அதில் இணைத்தீர்கள் என்றால், அந்த கிர்ர் புதுக் கார்டுக்கும் குடிவந்துவிடும்.