அமெரிக்கன் ஸ்டார்: கரையில் நின்றபடியே காணாமல் போன கப்பல்

[திரையில்: ஆள் இல்லாத ஒரு கடற்கரை. அலைச் சத்தம் மட்டும்.]

இந்தக் கடற்கரையில் ஏதாவது தெரிகிறதா, நன்றாகப் பாருங்கள். மணல், பாறை, அலை. அவ்வளவுதான்.

இது ஃபுவெர்தெவெந்துரா தீவு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகே அட்லாண்டிக்கில் இருக்கும் கேனரி தீவுகளில் ஒன்று, ஸ்பெயினைச் சேர்ந்தது. தீவின் மேற்குப் பக்கம் இருக்கும் இந்த இடத்துக்குப் பெயர் பிளாயா தெ கார்ஸெய்.

[திரையில்: அதே இடம், 1990களின் படம். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய பயணிகள் கப்பலின் முன்பகுதி நிமிர்ந்து நிற்கிறது.]

1994இல் இதே இடத்தில் நின்ற கப்பல் இது. முழு நீளம் 220 மீட்டர். இதை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, வெட்டி எடுத்துப் பழைய இரும்புக்கு விற்கவும் இல்லை. அது நின்ற இடத்திலேயே பதினான்கு வருடத்துக்குள் கரைந்து போய்விட்டது.

டைட்டானிக் 1912இல் மூழ்கியது. நூறு வருடம் தாண்டியும் அதன் முன்பகுதி கடலடியில் கப்பல் என்று பார்த்ததுமே சொல்லும்படி இருக்கிறது. அதற்குப் பல வருடம் கழித்துக் கட்டிய இன்னும் உறுதியான கப்பல் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஆனால் முதலில் இது யாருடைய கப்பல், என்ன கப்பல் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் இந்தச் சிதைவைப் பார்த்தால் வெறும் துருப்பிடித்த இரும்பாகத்தான் தெரியும்.

[திரையில்: கப்பல் கட்டும் தளம், கறுப்பு வெள்ளைப் படம்.]

1939 ஆகஸ்ட் 31. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளம். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஒரு புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டி நீரில் இறக்கி வைக்கிறார். கப்பலின் பெயரே 'அமெரிக்கா'. வடிவமைத்தவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். மறுநாள் செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைகிறது. இரண்டாம் உலகப் போருக்கும் இந்தக் கப்பலுக்கும் ஒரே ஒரு நாள்தான் வயது வித்தியாசம்.

அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லக் கட்டிய கப்பல், போர் காரணமாக அந்தப் பக்கமே போக முடியவில்லை. 1940இல் கரீபியன் பக்கம் ஓடியது. நாங்கள் நடுநிலை நாடு, எங்களைத் தாக்காதீர்கள் என்று எல்லாருக்கும் தெரிவதற்காக, பக்கவாட்டில் அமெரிக்கக் கொடியையும் கம்பெனியின் பெயரையும் பெரிதாக எழுதி வைத்தார்கள்.

1941இல் கடற்படை எடுத்துக்கொண்டது. 'வெஸ்ட் பாயிண்ட்' என்று புதுப் பெயர், உடம்பெல்லாம் சாம்பல் வர்ணம். ஏறத்தாழ 1,200 பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில் ஒரு தடவை 9,000 பேருக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். போர் முடிவதற்குள் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சுமந்தது.

அந்தப் பயணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், நம் பக்கத்துக் கடலும் அதில் வருகிறது. 1941 கடைசியில் பிரிட்டிஷ் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து கிளம்பி, கேப் டவுன் வழியாகப் பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து சிங்கப்பூர். ஜனவரி 29 அன்று அவர்களை அங்கே இறக்கிவிட்டது. சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று ஜப்பானியர்களிடம் வீழ்ந்தது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் போர்க் கைதிகளானார்கள். திரும்பும்போது இதே கப்பல், தப்பி ஓடிய குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, குண்டுவீச்சுக்கு நடுவே வெளியேறிக் கொழும்பு வந்து சேர்ந்தது. ஒரே துறைமுகத்தில் ஒரு கூட்டத்தைச் சிறைக்கும் இன்னொரு கூட்டத்தை உயிருக்கும் கொண்டுபோன கப்பல் இது.

[திரையில்: வெள்ளைக் கப்பல், தளம் முழுக்கக் குடும்பங்கள், குழந்தைகள்.]

போருக்குப் பிறகு மறுபடி 'அமெரிக்கா' ஆனது. ஆனால் 1960களில் மக்கள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். 1964இல் கிரேக்க நிறுவனமான சாண்ட்ரிஸ் வாங்கி 'ஆஸ்திராலிஸ்' என்று பெயர் வைத்தது. 2,200க்கும் அதிகமானவர்கள் பயணிக்கும்படி மாற்றிக் கட்டியது. அதன் பிறகு 1977 வரை, ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களை இது கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது ஆஸ்திரேலியாவில் வயதானவர்களாக இருக்கும் எத்தனையோ பேருக்கு, தங்கள் புது நாட்டைப் பற்றிய முதல் நினைவு இந்தக் கப்பலின் தளத்திலிருந்து பார்த்த கரைதான். இது சிதைந்தபோது அவர்கள் அவ்வளவு வருத்தப்பட்டது அதனால்தான்.

அப்புறம் இறங்குமுகம். 1978இல் ஒரு அமெரிக்க நிறுவனம் வாங்கி, சரியாகப் பழுதுபார்க்காமலே சுற்றுலாப் பயணம் விட்டது. அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சாண்ட்ரிஸே திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டு புகைபோக்கிகளில் முன்னால் இருந்ததை அகற்றி, 'இத்தாலிஸ்' என்ற பெயரில் கொஞ்ச நாள் ஓட்டியது. 1979இல் அதுவும் முடிந்தது. கிரேக்கக் கடலோரத்தில் கொண்டுபோய்க் கட்டி வைத்தார்கள்.

அங்கே பதினான்கு வருடம். சிறைக் கப்பலாக்கலாம் என்று ஒரு யோசனை, ஹோட்டலாக்கலாம் என்று இன்னொன்று. கைமாறும் போதெல்லாம் புதுப் பெயர்: 'நோகா', 'அல்ஃபெர்தோஸ்'. ஒரு கட்டத்தில் உடைப்பதற்கே விற்று, உயிர்காப்புப் படகுகளை வெட்டி எடுக்கும் வரைக்கும் வந்தது. வாங்கியவர் பணத்தை முழுதாகக் கட்டாததால் அதுவும் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1990களின் தொடக்கத்தில், தாய்லாந்தின் புக்கெட்டில் இதை ஐந்து நட்சத்திர மிதக்கும் ஹோட்டலாக்க ஒரு திட்டம் வந்தது. அதற்காகக் கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, கப்பலின் உடல் வியக்கும் அளவுக்கு நல்ல நிலையில் இருந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, பதினான்கு வருடம் கேட்பாரற்றுக் கிடந்த கப்பல்! கட்டியவர்களின் கைத்திறனை நினைத்துப் பாருங்கள். 'அமெரிக்கன் ஸ்டார்' என்று கடைசிப் பெயர் எழுதினார்கள்.

[திரையில்: வரைபடம். கிரீஸிலிருந்து ஜிப்ரால்டர் வழியாக ஒரு கோடு.]

1993 டிசம்பர் 31 அன்று, உக்ரைன் நாட்டு இழுவைப்படகு ஒன்று இதைக் கட்டி இழுத்துக்கொண்டு கிரீஸிலிருந்து கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டும், நூறு நாள் பயணம். அட்லாண்டிக்கில் ஜனவரி என்றால் புயல் மாதம். கேனரி தீவுகளுக்கு அருகே வந்தபோது இழுவை வடம் அறுந்தது. மறுபடி கட்டுவதற்குச் சிலர் கப்பலில் ஏறியும் முடியவில்லை. அவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். ஆளில்லாத கப்பல் காற்றின் போக்கில் மிதந்து, 1994 ஜனவரி 18 அதிகாலையில் கார்ஸெய் கரைக்கு முன்னால் தரைதட்டியது.

அடுத்த 48 மணி நேரத்துக்குள் இரண்டாக ஒடிந்தது.

[திரையில்: எளிய வரைபடம். நீரில் மிதக்கும் கப்பல், மணல்மேட்டில் நிற்கும் கப்பல்.]

இவ்வளவு உறுதியான உடல் எப்படி இரண்டு நாளில் ஒடியும்? மிதக்கும் கப்பலைத் தண்ணீர் முழு நீளத்துக்கும் தாங்குகிறது, மெத்தையில் படுத்திருப்பது மாதிரி. தரைதட்டிய கப்பலுக்கு அது கிடையாது. ஒரு பகுதி மணலில் உட்கார்ந்துவிடுகிறது, மீதிப் பகுதி தண்ணீரில் தொங்குகிறது. வாய்க்காலின் குறுக்கே போட்ட பனந்தடியின் நடுவில் ஆள் ஏறி நின்றால் வளையும் அல்லவா, அதே கதைதான். இங்கே ஏறி நிற்பது அலை. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அலை வரும்போது பின்பகுதி தூக்கப்படுகிறது, போகும்போது விழுகிறது. கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்போமே, அப்படித்தான் புயலுக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடந்தது. மிச்சமிருந்த புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால் உடல் விட்டுக்கொடுத்தது.

அதே வருடம் ஜூலையில், இனிக் காப்பாற்ற முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். பின்பகுதி 1996இல் இடப்பக்கமாகச் சரிந்து கடலுக்குள் போனது.

முன்பகுதி மட்டும் நின்றது. கரையிலிருந்து பார்த்தால் இப்போதுதான் வந்து நங்கூரம் போட்டது போலத் தெரியும். உலகம் முழுவதிலிருந்தும் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருந்த சாமான்கள் பலவும் தீவின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கப்பலுக்கு நீந்திப் போக முயன்ற சிலர் உயிரோடு திரும்பவில்லை.

இனி டைட்டானிக் கேள்விக்கு வருவோம். அது ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வெளிச்சமே இல்லாத, உறையும் நிலைக்குச் சற்று மேலான குளிர்ந்த நீர். அங்கே அலை கிடையாது. நுண்ணுயிரிகள்தான் மெதுவாக இரும்பைத் துருவாக்குகின்றன. அந்தத் துரு ஆலமர விழுது மாதிரி கப்பலின் பக்கங்களில் தொங்குகிறது. அதிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிக்கு 2010இல் 'ஹாலோமோனஸ் டைட்டானிகே' என்றே பெயர் வைத்தார்கள். அங்கேயும் அழிவு நிற்கவில்லை. முன்முனையின் கைப்பிடிக் கம்பியில் ஒரு பெரிய துண்டு விழுந்து கிடப்பதை 2024இல் பார்த்தார்கள். ஆனால் அது மெதுவான அழிவு.

கார்ஸெயில் நடந்தது வேறு. இரும்பு சீக்கிரம் அரிக்கப்படும் இடம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி அல்ல, காற்றில் மட்டும் இருக்கும் பகுதியும் அல்ல. நனைந்து காய்ந்து, மறுபடி நனையும் பகுதிதான். அங்கே உப்பும் ஈரமும் ஆக்சிஜனும் மூன்றுமே தாராளமாகக் கிடைக்கின்றன. கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி வற்றும். அதோடு அலைச் சாரல் ஓயாமல் தெறிக்கும். கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் செதில் செதிலாக உதிரும் என்று தெரியும். அதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

துரு சாதாரணமாக ஒரு போர்வை மாதிரி மேலே படிந்து, அடியில் இருக்கும் இரும்பு அரிபடுவதைக் கொஞ்சமாவது தாமதப்படுத்தும். இங்கே அலையும் மணலும் அந்தப் போர்வையைத் தேய்த்து எடுத்துவிடுகின்றன. ஒவ்வொரு அலைக்கும் பிறகு புது இரும்பு வெளியே வருகிறது. அடியிலிருக்கும் மணலும் அரித்துப் போக, கப்பல் உட்கார்ந்த இடமே மாறுகிறது. இந்த மேற்குக் கரைக்கு வடமேற்கே, அருகில் தடுப்பாக ஒரு தீவும் இல்லை. வட அட்லாண்டிக்கில் கிளம்பும் அலை நேராக இங்கேதான் வந்து மோதுகிறது.

இன்னொரு விஷயம். கப்பலின் பலம் வெளித்தகட்டில் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் தளங்களிலும் குறுக்குச் சுவர்களிலும் இருக்கிறது. அவை ஒன்றொன்றாக அரித்து விழுந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கரையான் அரித்த கதவு மாதிரி, தொட்டால்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கப்பல் பத்து வருடத்துக்கு மேல் நின்றுவிட்டு, ஒன்றரை வருடத்தில் மொத்தமாக விழுந்தது.

[திரையில்: அடுத்தடுத்த வருடப் படங்கள், ஒரே கோணத்தில்.]

2005 நவம்பரில் இடப்பக்கச் சுவர் இடிந்தது. கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்தது, புகைபோக்கி கழன்று கடலில் விழுந்தது. 2006 அக்டோபரில் கிட்டத்தட்ட முழுக்கப் படுத்துவிட்டது. 2007 ஏப்ரலில் வலப்பக்கமும் இடிந்து, மிச்சமும் இரண்டாகி நீருக்குள் போனது. அதற்குப் பிறகு வெளியே தெரிந்தவை சில துண்டுகள்தான்.

எனக்கு இதில் மனதைப் பிசைவது அந்தக் கடைசிப் படங்கள் அல்ல. 1994இலிருந்து கடல் தின்று முடிக்க ஏறத்தாழ பதினான்கு வருடம் எடுத்தது. அதற்கு முன்பு, 1979இலிருந்து 1993 வரை, இதே கப்பல் நல்ல உடலோடு கிரேக்கக் கடலோரத்தில் காத்துக் கிடந்ததும் பதினான்கு வருடம். இதில் மூன்றரை லட்சம் பேர் போருக்குப் போய் வந்திருக்கிறார்கள், எத்தனையோ குடும்பங்கள் புது நாடு பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கப்பலுக்கு அந்தப் பதினான்கு வருடத்தில் நிரந்தரமாக ஒரு துறைமுகச் சுவர் கிடைக்கவில்லை. புயலை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிப்ஸ் இதற்குப் பிறகு வடிவமைத்த புகழ்பெற்ற கப்பல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'. 1952இல் அட்லாண்டிக்கை மூன்றரை நாளில் கடந்து சாதனை படைத்தது. 1969இல் ஓய்வு பெற்றது. அதுவும் ஏறத்தாழ முப்பது வருடம் ஃபிலடெல்ஃபியாவில் கட்டிக் கிடந்து, 2025 பிப்ரவரியில் இழுவைப்படகுகளோடு கிளம்பியது. ஃபுளோரிடா கடலில் மூழ்கடித்து, மீன்கள் அண்டும் செயற்கைத் திட்டாக்கும் திட்டத்துக்காக. கப்பலாகவே காப்பாற்ற வேண்டும் என்று பாடுபட்டவர்களுக்கு அது பெரிய இழப்புதான். ஆனாலும் எண்ணெய், ஒயர் எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து, அலை அடிக்காத ஆழத்தில் நிதானமாக இறக்குவது என்பது, கார்ஸெயில் நடந்ததைப் பார்த்த பிறகு, எனக்கு மரியாதையான முடிவாகத்தான் தோன்றுகிறது.

[திரையில்: மறுபடி அந்தக் கடற்கரை, கடல் வற்றிய நேரம்.]

யாராவது ஃபுவெர்தெவெந்துரா போனால், கடல் வற்றும் நேரம் பார்த்துக் கார்ஸெய்க்குப் போங்கள். 2013 வாக்கில் அந்த நேரத்தில் மட்டும்தான் அதன் மிச்சம் கண்ணில் பட்டது. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். 220 மீட்டர் இரும்பை இரண்டு நாளில் ஒடித்த அலை அங்கே இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.