கருவேலங்காட்டுக்கு மல்ச்சர் ஏற்றதா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். ‘அண்ணே, என்னிடம் 20 டன் பொக்லைன் இருக்கிறது. பாறை உடைக்கிற பிரேக்கருக்கு எண்ணெய் லைன் போட்ட வண்டி. கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் எடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. நிற்கிற மரத்தை அப்படியே தூளாக்குகிற மல்ச்சர் ஒன்றைக் காணொளியில் பார்த்தேன். அதை வாங்கிப் பிரேக்கர் லைனில் மாட்டினால் ஓடுமா? ஓடினால் கட்டுப்படியாகுமா?’

தம்பி, அப்படியே மாட்டினால் ஓடாது. ஓடுகிற மாதிரி செய்து மாட்டினாலும் கருவேலத்துக்குக் கட்டுப்படியாகாது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணெய் விஷயம். பிரேக்கர் லைன் ஒருவழிப் பாதை. பெடலை மிதித்தால் பம்பிலிருந்து எண்ணெய் ஒரு ஹோஸில் போகும், பிரேக்கருக்குள் பிஸ்டனை இடிக்க வைக்கும், இன்னொரு ஹோஸ் வழியாக நேராக டேங்குக்குத் திரும்பிவிடும். இந்த அளவு வண்டிக்கு வருகிற பிரேக்கர்கள் பெரும்பாலும் 160 முதல் 180 பார் அழுத்தத்தில் வேலை செய்பவை. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வையும் அதற்குத் தகுந்தபடிதான் வைத்திருப்பார்கள். மல்ச்சர் என்பது பல் வைத்த உருளை. அதைச் சுழற்றுவது ஒரு ஹைட்ராலிக் மோட்டார். அந்த மோட்டாருக்கு வரவும் போகவும் இரண்டு ஹோஸ் போதாது, சுண்டுவிரல் கனத்தில் மூன்றாவது ஒன்றும் வேண்டும். மோட்டாருக்குள் கசிகிற எண்ணெயை வெளியே எடுத்து, வேறு எந்த ரிட்டர்னோடும் சேராமல் தனியாக டேங்குக்குக் கொண்டுபோவது அதுதான். கேஸ் டிரெயின் என்பார்கள்.

அந்த மெல்லிய ஹோஸை அலட்சியம் செய்ததற்கு நான் ஒரு முறை தண்டம் கட்டியிருக்கிறேன். வாடகைக்கு எடுத்த மல்ச்சர். வண்டியில் மூன்றாவது ஹோஸுக்கு வழி இல்லை. பொருத்த வந்தவர் ‘டீ’ வடிவ மூன்று வாய் இணைப்பு ஒன்று போட்டு அதை ரிட்டர்ன் லைனிலேயே சேர்த்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு உருளையின் ஓரத்தில் மரத்தூள் மட்டும் கறுத்து, களிம்பு போல ஒட்ட ஆரம்பித்தது. மரத்தின் பால் என்று நினைத்தேன். இறங்கித் தொட்டுப் பார்த்தால் எண்ணெய். ரிட்டர்ன் லைனின் அழுத்தம் மோட்டாரின் வயிற்றுக்குள் ஏறி, சுழல்தண்டில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஷாஃப்ட் சீலைப் பிதுக்கி வெளியே தள்ளியிருந்தது. சுற்றிலும் காய்ந்த தூள், மேலே சூடான எண்ணெய். அன்றைக்குத் தீப்பிடிக்காமல் போனது என் நல்ல நேரம்.

அடுத்து சக்திக் கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போகிறதோ அதை அழுத்தத்தால், அதாவது பாரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். ஒரு மல்ச்சர் 200 லிட்டரை 250 பாரில் கேட்கிறது என்று வையுங்கள். சுமார் 83 கிலோவாட், ஏறக்குறைய 110 குதிரைத்திறன். உங்கள் எஞ்சினே 130, 150 குதிரைத்திறன்தான். மல்ச்சர் இத்தனையையும் இழுத்துக்கொண்டால் பூமை, அதாவது வண்டியின் பெரிய கையைத் தூக்கவும் வண்டியைத் திருப்பவும் என்ன மிஞ்சும்? மரத்தில் பல் பட்டதும் எஞ்சின் உறுமித் தாழும், உருளை நிற்கும், பின்வாங்கிவிட்டு மறுபடி சுழல விடவேண்டும். ஒரு நாள் முழுக்க இதே பாடு. டீசல் குடிப்பதைச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டுக் காடுகளில் இதே வேலையைச் செய்கிற பல வண்டிகளில் மல்ச்சருக்கென்றே தனி பம்பும் பெரிய ஆயில் கூலரும் இருக்கும். காணொளியில் அதெல்லாம் கண்ணில் படாது.

சரி, பணத்தைக் கொட்டி இதையெல்லாம் சரிசெய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கருவேலத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். தரைக்கு மேலே வெட்டினால் சாகிற மரம் இல்லை அது. அடித்தண்டில் தரைக்குக் கீழே ஓர் அடி ஆழம் வரைக்கும் தூங்குகிற மொட்டுகள் உண்டு. மேலே தூளாக்கினால் ஒன்றுக்குப் பத்தாகக் கிளைத்து, அடுத்த மழைக்குப் புதராக நிற்கும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக வண்டிகள் இறங்கின. அவசரத்தில் தரை மட்டத்தோடு அறுத்துவிட்டுப் போன கண்மாய்களை நான் பிறகு போய்ப் பார்த்திருக்கிறேன். முன்னால் ஆள் நுழைய முடிந்த இடத்தில் பிற்பாடு ஆடுகூட நுழைய முடியவில்லை.

அப்படியென்றால் வேர் முழுவதையும் தோண்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இதன் பங்காளி மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். அதைத் துரத்திக்கொண்டு யார் போவது? மொட்டு இருக்கிற அடித்தண்டு முழுதாக வெளியே வந்துவிட்டால் போதும். கீழே அறுந்து நிற்கிற ஆணிவேர் துளிர்ப்பதில்லை. ஒன்றரை அடி ஆழத்தில் அறுத்து எடுத்தால் நிம்மதி.

கட்டுப்படி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூரும் அடிக்கட்டையும்தான் அவர்களுக்குப் பொன். மல்ச்சர் அந்தப் பொன்னைத் தவிடாக்கி மண்ணில் இறைத்துவிடும். மரத்தை முழுதாக எடுத்துக் கரையோரம் அடுக்கினால் அதற்கு விலை உண்டு. கண்மாயைக் குத்தகை எடுத்தவர் உங்களுக்குக் கொடுக்கிற வாடகையில் ஒரு பங்கு அந்தக் கட்டையிலிருந்துதான் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்குவது இரண்டு சாமான். ஒன்று வேர் எடுக்கிற ரேக். வீட்டில் குப்பை வாருகிற முள்வாரி தெரியுமில்லையா, அதையே அரையடி, முக்கால் அடி இடைவெளி விட்டுக் கனத்த தகட்டில் செய்த மாதிரி இருக்கும். பக்கெட் கழற்றிய அதே பின்னில் மாட்டலாம், ஹோஸே வேண்டாம். தூரைத் தூக்கி இரண்டு உதறு உதறினால் மண் இடைவெளி வழியாகக் கொட்டிவிடும். பக்கெட்டில் எடுத்தால் மேல்மண்ணும் சேர்ந்து லாரி ஏறும். கண்மாய்க்குள் அதற்கு வேறு வழக்கு வரும். ஆனால் கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது ரேக் வெறும் களிமண் கட்டியாகிவிடும். கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது தம்ப். பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் போல ஆர்மில், அதாவது பூமின் நுனியில் இருக்கிற சின்னக் கையில் பொருத்துவது. நான்கு விரலால் குச்சியைப் பிடித்துப் பாருங்கள், பிறகு கட்டைவிரலைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அதுதான் வித்தியாசம். முள்மரத்தை ஆள் தொடாமலே எடுத்து அடுக்கலாம். அசையாத தம்ப் போதும் என்றால் அதற்கும் ஹோஸ் கிடையாது. பக்கெட் சிலிண்டரே மடக்கிப் பிடிக்கும். ஹைட்ராலிக் தம்ப் வேண்டுமானால் இரண்டு பக்கமும் எண்ணெய் தள்ளுகிற லைன் வேண்டும். உங்கள் பிரேக்கர் லைனில் ஒருவழி, இருவழி மாற்றுகிற வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

எடுக்கும் முறை. மரத்தின் தலையில் பூமை வைத்துத் தள்ளாதீர்கள். நடுவில் முறிந்து தூர் தரையிலேயே நிற்கும். ஒரு பக்கம் பள்ளம் பறித்துப் பக்கவேர்களை அறுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய்த் தூருக்கு அடியில் பல்லைக் கொடுத்து உங்களை நோக்கிச் சுருட்டுங்கள். சுழன்று பக்கவாட்டில் அடித்துச் சாய்ப்பது பார்க்க வேகமாக இருக்கும். ஆனால் அந்த அடி முழுக்க ஆர்ம் புஷ்ஷிலும் பூம் அடிப் பின்னிலும் வண்டியைச் சுழற்றுகிற ஸ்விங் மோட்டாரிலும்தான் இறங்குகிறது. கரையில் நிற்கிற மரத்தைப் பொறியாளரைக் கேட்காமல் தொட வேண்டாம். தூரை எடுத்த குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்காவிட்டால் அடுத்த வெள்ளத்துக்குக் கரை அந்த இடத்தில்தான் உடையும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். கேபினிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இறங்கிக் காயைப் பாருங்கள். நாட்டு மரத்தின் காய் மணிமணியாகக் கோத்த மாலை மாதிரி, விதைக்கு விதை இடுங்கியிருக்கும். பூ மஞ்சள் பந்து. சீமையின் காய் இடுங்காமல் நீளவாக்கில் ஒரே பட்டை, பூ திரி போல நீண்டு தொங்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போலப் பறவைகள் கூடு கட்டுகிற சரணாலயக் கண்மாயாக இருந்தால் வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை இறக்க வேண்டும்.

பிறகு ரேடியேட்டர். கருவேல இலை பொடிப் பொடியானது. வலையில் ஒட்டி அரை நாளில் கம்பளி போர்த்திவிடும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது உள்ளிருந்து வெளியே காற்றடித்து ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் இன்னும் உள்ளே போய்ச் செருகிக்கொள்ளும். டர்போ, சைலன்சர் பக்கம் சேர்கிற சருகையும் அப்போதே கையால் எடுத்துவிடுங்கள். தீயணைப்பான் சீட்டுக்குப் பின்னால் புதைந்து கிடக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். முன்கண்ணாடிக்குக் கம்பிக் கூண்டு கட்டாயம். வளைந்த கொம்பு ஒன்று நிமிர்ந்தால் ஈட்டி மாதிரி உள்ளே வரும்.

மல்ச்சரே உதவாத சாமான் என்று சொல்லவில்லை. சாலை ஓரம், மின்கம்பிக்கு அடியில் விடுகிற பாதை, தீத்தடுப்புக் கோடு, இப்படி வேரைக் கிளறக் கூடாத இடங்களில் அதைப் போல வேறில்லை. அங்கேயும் சுற்றிலும் 100 மீட்டர் தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது. கல்லை அது துப்பாக்கிக் குண்டு போல வீசும்.

தம்பி, உங்கள் பூம் அடிவாரத்தில் ஹோஸ் பிரிகிற இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அந்த ஒருவழி, இருவழி மாற்றுகிற வால்வு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். ரேக்கை உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஆனால் பின் துவாரத்தை உங்கள் பழைய பக்கெட்டைக் கொண்டுபோய் அளந்துதான் போடச் சொல்ல வேண்டும், வாய்க்கணக்கு வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போகலாம்.