11பி எரரா? ரெஜிஸ்ட்ரியில கை வைக்காதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். விண்டோஸ்ல ஒரு சிஸ்டத்துல மாட்டின பிரிண்டரை இன்னொரு சிஸ்டத்துலேர்ந்து யூஸ் பண்றதுதான் பிரிண்டர் ஷேரிங். அதைத் தேடினா எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுறாங்க: அப்படி கனெக்ட் பண்றப்போ 11பி (0x0000011b) எரர் வந்தா, ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸை வெச்சிருக்கிற இடத்துல, ஒரு வேல்யூவை ஜீரோ ஆக்கு, இல்ல அப்டேட்டையே தூக்கு. வேணாங்க! 2021 செப்டம்பர் அப்டேட்லேர்ந்து, பிரிண்டர் மாட்டியிருக்கிற சிஸ்டம் 'கனெக்‌ஷனை என்கிரிப்ட் பண்ணிட்டு வா'ன்னு கேக்குது. எதிர்ல இருக்கிறது அப்டேட் பண்ணாத சிஸ்டம்னா உள்ள விடாது. ஜீரோ போட்டா அந்தப் பாதுகாப்பே போச்சு. அதனால முதல்ல ரெண்டு சிஸ்டத்தையும் அப்டேட் பண்ணுங்க.

அப்பவும் அடம் பிடிச்சா, நம்ம செல்லம் லோக்கல் போர்ட்தான், அதாவது ஷேர் பண்ணின பிரிண்டர் இருக்கிற இடத்தை நாமளே டைப் பண்ணிக் குடுக்குற வழி. பிரிண்டர் மாட்டியிருக்கிற மெயின் சிஸ்டத்துல பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், ஷேர் பண்ற டிக் போட்டு ஸ்பேஸ் இல்லாத சின்னப் பேரா வைங்க. 'எச்பி1' போதும். ரெண்டாவது சிஸ்டத்துல அதே பிரிண்டரோட டிரைவரை முன்னாடியே போட்டுடுங்க. அப்புறம் அங்கயே பிரிண்டரை மேனுவலா ஆட் பண்ணி, கிரியேட் நியூ போர்ட், லோக்கல் போர்ட். பேர் கேக்கும்: ரெண்டு பேக்ஸ்லாஷ், கம்ப்யூட்டர் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் பேரு. டிரைவரைக் காட்டுங்க, முடிஞ்சுது. இங்க் லெவல் மட்டும் இந்தப் பக்கம் தெரியாது. தெரியாட்டி என்ன, பிரிண்ட் வருதுல்ல!

இருங்க இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. 'ஆக்ஸஸ் டினைட்'னு வந்தா, ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல ரெண்டு பேக்ஸ்லாஷோட மெயின் கம்ப்யூட்டர் பேரை அடிச்சு முதல்ல லாகின் பண்ணுங்க. 'ரிமெம்பர்' டிக் கட்டாயம். இங்கதான் பாதிப் பேர் மண்டையை உடைச்சுக்குறாங்க: விண்டோஸைத் திறக்க அடிக்கிற பின் நம்பரை அடிப்பாங்க. பின் அந்த ஒரு மெஷினுக்குள்ள மட்டும்தான் செல்லும், நெட்வொர்க்ல செல்லாது. அக்கவுண்ட் பாஸ்வேர்டுதான் வேணும். பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்டா? அதுவும் நெட்வொர்க் வழியா உள்ள போகாது. பாஸ்வேர்டு வெச்ச லோக்கல் யூசர் ஒண்ணு மெயின் சிஸ்டத்துல போடுங்க. பின், பின், பின்... இந்த ஒரு விஷயத்துக்கே தனி வீடியோ போடலாம் போல!

அட, நெட்வொர்க் புரொஃபைலை விட்டுட்டேன் பாருங்க. அது பப்ளிக்ல இருந்தா ஃபயர்வால், ஷேரிங் போற வழியான 445 போர்ட்டை அடைச்சுடும். பிரைவேட் ஆக்கிட்டு, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் பண்ணுங்க. மெயின் சிஸ்டத்துல ஸ்லீப்பை 'நெவர்'னு வைங்க. அது தூங்கினா பிரிண்ட் எல்லாம் கியூவுலயே கிடக்கும், நீங்க பிரிண்டரைத்தான் திட்டுவீங்க.