காயாததுதான் பொமேட்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தலை நிறைய முடி உள்ளவர்களே, ஒரு காலத்தில் இருந்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'பழைய பாணிக் கிராப்புக்கு ஏற்ற பொமேட் எண்ணெய் வகையா, தண்ணீர் வகையா?' இதுதான் தலைப்பு. பொமேட் என்றால் வாரிய முடி கலையாமல் நிற்கத் தலையில் தடவும் பசை. நான் எண்ணெய் அணி. எனக்கு முன்னால் பேசிய தண்ணீர் அணித் தம்பி எங்கள்மேல் நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்கினார். எண்ணெய் பொமேட் குளித்தாலும் போகாது, நெற்றியில் பரு வரும், பொடுகு வரும், தலையணை பாழாகும். அவர்கள் வகையோ வெறும் தண்ணீரில் போய்விடுமாம், பிடிமானமும் கூடுதலாம். சாட்சிக்கு சுவாவெசிட்டோ, லேரைட் என்று இரண்டு கலிஃபோர்னியா டப்பாக்களை மேசைமேல் வைத்தார். நல்ல டப்பாக்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் தலைப்பு 'எது சுலபமாகப் போகும்' என்பதல்லவே ஐயா! பழைய பாணிக் கிராப்புக்கு எது ஏற்றது என்பதுதானே?

பழைய பாணி என்றால் என்ன? கோண வகிடு எடுத்துப் படிய வாருவது ஒன்று. முன்முடியைத் தூக்கி நிறுத்தும் பாம்படோர் ஒன்று. வகிடே இல்லாமல் மொத்தத்தையும் பின்னால் வாரிவிடும் ஸ்லிக் பேக் ஒன்று. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது சட்டைப்பையில் இருக்கிற சீப்பு. காலையில் ஒருமுறை வாரிவிட்டு இரவுவரை தொடாமல் இருக்கிற தலை இல்லை இது. மதியம் வாருவார்கள், கண்ணாடியைக் கண்டால் வாருவார்கள். அப்படி வாரும்போதெல்லாம் வளைந்து கொடுக்கிற பொருள்தான் இதற்கு வேண்டும். காய்ந்து இறுகுகிற பொருள் இதற்கு ஆகாது.

எண்ணெய் பொமேடில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலேட்டம், அதாவது நம் வீட்டு வாஸ்லைன் சரக்கு. அதோடு தேன்மெழுகோ வேறு மெழுகோ, கொஞ்சம் மினரல் ஆயில் என்ற பெட்ரோலிய எண்ணெய், சிலவற்றில் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின். இதில் ஆவியாகிப் போக எதுவுமே இல்லை. அதனால் காயாது. மாலை ஆறு மணிக்குச் சீப்பை விட்டாலும் காலையில் வாரியதுபோலவே போகும். தண்ணீர் வகையில் முதல் சரக்கே தண்ணீர். அது ஆவியானதும் மிச்சமிருக்கும் பாலிமர் என்ற பிசின் மாதிரிப் பொருள் முடிமேல் படலமாக இறுகுகிறது. தம்பி சொன்ன 'கூடுதல் பிடிமானம்' அந்த இறுக்கம்தான். அதன்மேல் சீப்பை ஓட்டினால் படலம் உடையும், வெள்ளைத் தூளாகத் தோளில் உதிரும். பொடுகு எங்களால் வருகிறது என்று சொன்னவர்கள், தாங்களே பொடுகு போன்ற ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள்!

காயாத தண்ணீர் வகையும் இருக்கிறது என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். இருக்கிறது. எண்ணெய்த்தன்மை கூட்டி, தண்ணீரில் கரைய வைக்கும் பொருளும் சேர்த்துச் செய்த வகை. தண்ணீர் அணியில் ஆகச் சிறந்தது அதுதான். எங்களைப்போல் நடந்துகொள்ள முயல்வதால் சிறந்தது.

பிரில்கிரீமையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார் தம்பி, அதில் தண்ணீர் இருக்கிறதாம். 1928இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வந்த அந்த அசல் கிரீம், மினரல் ஆயிலுக்குள் தண்ணீரைக் கலந்து தேன்மெழுகால் நிலைநிறுத்திய பால்மம். தண்ணீர் போனபின் தலையில் தங்குவது எண்ணெயும் மெழுகும்தான். அது எங்கள் வீட்டுப் பிள்ளை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் பிடிமானம் குறைவு என்பதை நானே சொல்லிவிடுகிறேன். படிய வாருவதற்கு அது போதும், பாம்படோரை அது தாங்காது.

இப்போது நம் ஊர் வானிலைக்கு வருவோம். முடியின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளரும், காயும்போது மறுபடி கூடும். டிரையர் வைத்து முடியை நிறுத்த முடிவது இதனால்தான். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றிலுள்ள ஈரமே அந்த வேலையைக் கெடுத்துவிடும். தண்ணீர் வகைகள் பலவற்றில் கிளிசரினும் உண்டு, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மேலே வியர்வை வேறு. தண்ணீரில் கரைவதைப் பெருமையாகச் சொன்னீர்களே, வியர்வையும் தண்ணீர்தானே? கரைந்து நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கும், எரியும். பெட்ரோலேட்டம் ஈரத்தை உள்ளே விடாது. காலையில் டிரையரில் எடுத்த வடிவம் அதன் அடியில் நெடுநேரம் தங்கும்.

அடுத்தது ஹெல்மெட். இருசக்கர வாகனம் ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. காய்ந்த பொமேடின்மேல் ஹெல்மெட் உட்கார்ந்தால் தலை அதே தட்டையில் இறுகிப்போகும், தண்ணீர் தொட்டு நனைத்தால்தான் மீட்கலாம். எண்ணெய் வகையில் ஹெல்மெட்டைக் கழற்றி, முன்முடியை விரலால் வேரிலிருந்து தூக்கிவிட்டு, நாலு இழுப்பு வாரினால் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் பஞ்சில் பிசுக்கு ஏறும், உண்மைதான். மெல்லிய பருத்திக் குல்லாயோ கைக்குட்டையோ போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவர் அவர்களே, எங்கள் வகையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. டப்பாவின் முகப்பில் 'ஸ்ட்ராங்', 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ராங், இன்னொன்றின் மீடியம். திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பொருள்களின் பட்டியல் அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு இறங்கும். முதலில் 'அக்வா', அதாவது தண்ணீர் என்று இருந்தால் பெரும்பாலும் எதிரணிச் சரக்கு. 'பெட்ரோலேட்டம்' என்று இருந்தால் நம்முடையது. அடுத்தாற்போல் மெழுகு வந்தால் கெட்டி, மினரல் ஆயில் வந்தால் பெரும்பாலும் இளக்கம்.

தேங்காய் எண்ணெய் முன்வரிசையில் இருந்தால் நம் ஊருக்கு யோசித்து வாங்குங்கள். அது 24 டிகிரியிலேயே உருகிவிடும். குளிர்நாட்டில் கெட்டியாக நிற்கிற டப்பா, இங்கே கத்திரி வெயிலில் குழம்பாகிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே கோடைக்கு மெழுகு கூடியது, மார்கழி தைக்கு இளகியது.

முடியைப் பார்த்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். அடர்த்தியான, கம்பி மாதிரி நேராக நிற்கும் முடிக்குக் கெட்டி வகை. 1925இல் தொடங்கிய, ஆரஞ்சு நிறத் தகர டப்பாவில் வரும் அமெரிக்க மர்ரேஸ் சுப்பீரியர் இதற்குப் பேர்போனது. சுருட்டை முடிக்கு இளக்கமான, பளபளப்புக் கூடியது போதும், வளைவு வளைவாகப் படியும். மெல்லிய முடிக்காரர்தான் அதிகம் தவறு செய்கிறார். பிடிமானம் வேண்டுமென்று கனமான சரக்கை அப்பிவிடுவார். பாரம் தாங்காமல் பாம்படோர் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சாயும், மண்டை தெரியும். அவருக்கு நடுத்தர வகை, அதுவும் பாதி அளவு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஸ்கோரெம் என்ற சலூன்காரர்கள் போடும் ரூசெல் டப்பாக்களில் நிறத்தைப் பார்த்தே எடுக்கலாம். சிவப்பும் நீலமும் தண்ணீர் வகை, பச்சை நடுத்தர கிரீஸ், இளஞ்சிவப்பு கெட்டி கிரீஸ். கிரீஸ் என்றால் நம் எண்ணெய் வகைதான். அவர்களே இரண்டு வகையும் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள், வியாபாரம் வேறு, பட்டிமன்றம் வேறு.

போடுகிற முறை தெரியாததால்தான் பாதிப் பேர் எங்களைத் திட்டுகிறார்கள். முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தலையில் எண்ணெய் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு மேலேயே நிற்கும். பாம்படோர் என்றால் முன்முடி குறைந்தது மூன்று நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். முதலில் டிரையரும் உருண்டை பிரஷ்ஷுமாக வேரிலிருந்து மேலே தூக்கிக் காயவைத்து, கடைசியில் குளிர்காற்று அடித்து வடிவத்தை நிறுத்துங்கள். உயரம் தருவது டிரையர்தான். பொமேடின் வேலை அதைக் காப்பது. டிரையர் இல்லாமல் பொமேடை மட்டும் நம்பினவர் கடைசியில் டப்பாவைக் குறை சொல்வார்.

பிறகு டப்பாவில் கட்டைவிரல் நகத்தின் பின்புறத்தால் சுரண்டுங்கள், கொண்டைக்கடலை அளவு போதும். கெட்டி வகை சுரண்ட வராவிட்டால் டிரையர் சூட்டை டப்பாமேல் சில நொடி காட்டுங்கள். உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். முதலில் மங்கலாகத் திரிதிரியாக இருக்கும். தேய்க்கத் தேய்க்கக் கட்டி கரைந்து, கை முழுக்கப் பளபளவென்று எண்ணெய்ப் பூச்சு மட்டும் நிற்கும். அதுவரை தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கட்டியோடு போனால் ஒரே இடத்தில் பிசுக்கென்று ஒட்டி, சுற்றியுள்ள முடியையும் சேர்த்துக் கட்டிவிடும்.

பிடரியில் தொடங்குங்கள், பிறகு பக்கங்கள், உச்சி, முன்முடி கடைசியில்தான். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் சரக்கு நிறைய இருக்கும்போது நெற்றிப்பக்கம் வைத்தால், தூக்கி நிற்க வேண்டிய இடத்தில் பாரம் ஏறும். விரலை வேர்வரை விட்டுத் தடவுங்கள். மேல்பூச்சாகத் தடவினால் மேலே மட்டும் மினுங்கும், அடியில் பிடிமானம் இருக்காது. முதலில் அகலப்பல் சீப்பு, பிறகு நெருக்கப்பல். வகிடு எடுக்கும்போது உச்சிச் சுழியைப் பாருங்கள். பெரும்பாலோருக்குச் சுழி வலஞ்சுழியாக ஓடும், அவர்களுக்கு இடப்பக்க வகிடு இயல்பாகப் படியும். சுழியோடு சண்டை போடுகிற வகிட்டை எந்தப் பொமேடாலும் காப்பாற்ற முடியாது. பளபளப்பு போதவில்லை என்றால், கெட்டிச் சரக்குக்கு மேல் ராயல் கிரவுன் மாதிரி இளகியதை மிளகளவு தடவி மறுபடி வாரலாம்.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். 'குளித்தாலும் போகாது' என்றார். போகாது, நேரே ஷவருக்கு அடியில் போய் நின்றால் போகாது. பெட்ரோலேட்டம்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருளும், ஷாம்பு உள்ளே இறங்காது. சீயக்காய்க்கும் அவ்வளவு சீக்கிரம் மசியாது. முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும். காய்ந்த தலையில் ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் வேர்வரை பிசைந்து, பழைய துண்டால் துடையுங்கள். பாதி பொமேட் துண்டோடு வந்துவிடும். பிறகும் தண்ணீர் விடாமல் ஷாம்பூவை நேரே தேய்த்து, அப்புறம் தண்ணீர் விட்டு நுரைக்கச் செய்து அலசி, இன்னொரு முறை ஷாம்பு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் கண்ட ஊருக்கு இது புது வித்தையா? தினமும் செய்ய வேண்டியதும் இல்லை. வாரம் இரண்டு முறை போதும். இரண்டாம் நாள் தலையில் மீந்திருக்கும் சரக்கில்தான் வகிடு கத்தி மாதிரி விழும், அன்றைக்குப் புதிதாகக் கடுகளவு போட்டால் போதும்.

செலவையும் இதோடு பாருங்கள். 85 கிராம் மர்ரேஸ் டப்பா, நாளைக்கு ஒரு கிராம் வீதம் கிட்டத்தட்ட மூன்று மாதம் வரும். தினமும் கழுவி தினமும் 3 கிராம் போடுகிறவருக்கு 113 கிராம் தண்ணீர் டப்பா 37 நாள். தண்ணீரே இல்லாததால் எங்கள் சரக்கில் கிருமி வளர வழியில்லை, மூடியைத் திறந்து வைத்தாலும் சுண்டாது.

நெற்றிப் பரு உண்மை. 'பொமேட் ஆக்னி' என்று தோல் மருத்துவத்தில் பெயரே உண்டு, நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் சிறு சிறு மணிகளாக வரும். முடி தொடங்கும் கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளியே கையை வையுங்கள், படுக்குமுன் நெற்றியை ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். அப்படியும் வந்தால் அவர் எதிரணிக்கே போகட்டும், நான் தடுக்கவில்லை. பொடுகில் மட்டும் தம்பி தவறான ஆளைப் பிடித்திருக்கிறார். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற ஈஸ்ட், சருமத்தின் கொழுப்பையும் தாவர எண்ணெய்களின் கொழுப்பமிலங்களையும் தின்னும். பெட்ரோலேட்டமும் மினரல் ஆயிலும் அதற்குச் சாப்பாடு ஆகாது. ஏற்கெனவே பொடுகு உள்ளவர்கள் விளக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று பெருமையாக எழுதியிருக்கும் டப்பாவைத் தவிர்க்கட்டும், அடிக்கடி கழுவட்டும், கழுவுமுன் தேய்க்கவும் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் மினரல் ஆயிலை எடுக்கட்டும்.

தலையணைக்குப் பழைய துண்டு ஒன்று போதாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மக்காசர் எண்ணெய் தடவிய தலையோடு நாற்காலியில் சாய்ந்தார்கள். அவர்கள் எண்ணெயை விடவில்லை, நாற்காலியின் முதுகில் துணி போட்டார்கள். இன்றைக்கும் சொகுசுப் பேருந்தில் தலை சாய்க்கிற இடத்தில் துணி கிடக்கிறதே!

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தம்பி பேசும்போது பார்த்தேன். மேடை விளக்குச் சூட்டில் முன்முடி மெல்லச் சாய்ந்துகொண்டே வந்தது. கை இரண்டு மூன்று தடவை சட்டைப்பைச் சீப்புக்குப் போனது, எடுக்காமலே திரும்பிவிட்டது. தீர்ப்புச் சொல்லுமுன் அவரை ஒரே ஒரு தடவை வாரச் சொல்லுங்கள் ஐயா. கறுப்புச் சட்டைதான் போட்டிருக்கிறார், என்ன உதிர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வணக்கம்.