சைலன்சருக்குள் இருக்கிற இழுவை

வணக்கம் நேயர்களே. போடியில் மொபெட் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற ஆளை ரேடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைக்கைப் பார்த்தால் கொஞ்சம் உதறல்தான், ஸ்பேனரைக் கையில் கொடுத்திருந்தால் தைரியமாக இருந்திருக்கும். 15 நிமிஷம் என்று சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்து கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான்கு விஷயம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்: சைலன்சர், பிளக், சைக்கிளில் மாட்டுகிற இன்ஜின், கடைசியாக பிரேக். எது வரைக்கும் போகிறதோ போகட்டும்.

நான் பேசப்போவது சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பற்றி. லூனா 1972-ல் வந்தது, டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். பெடல் வைத்த வண்டிகள். இன்ஜின் மாட்டிய சைக்கிள் என்றே சொல்லலாம், வழியில் மக்கர் பண்ணினால் மிதித்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். 2015-ல் டிவிஎஸ்ஸின் எக்ஸெல் 100 நான்கு ஸ்ட்ரோக்காக வந்துவிட்டது. ஆனாலும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இன்னும் எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிறது. உர மூட்டை, தண்ணீர்க் குடம், தேங்காய், ஆட்டுக்குட்டி, எதை வைத்தாலும் போகும்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், அதிலும் இளவட்டங்கள், கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க." ஏற்றிவிடுவது என்றால் என்ன என்று கேட்டால், சைலன்சரை அறுத்து விடுவது. சத்தம் வந்தால் வேகம் வந்துவிட்டது என்று நினைப்பு.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் 19 வயதில் அதையே செய்தேன். அதுவும் அப்பா வண்டியில், அவர் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து. சைலன்சர் வாலைப் பாதி அறுத்தேன். அதோடு விட்டேனா? சிலிண்டரைக் கழற்றி, எலிவால் அரத்தால் புகை போகிற வாசலை மேல் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் ராவினேன். எங்கோ யாரோ சொன்னதைக் கேட்டுத்தான். மாட்டி உதைத்தேன். அடேயப்பா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்த்தது. சமதளத்தில் முறுக்கினால் ரேஸ் நன்றாகவே ஏறியது, அதை மறுக்கவில்லை. அப்பா வந்தார், ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார், "முந்தல் வரைக்கும் போ" என்றார். போடிமெட்டு மலைப்பாதை தெரிந்தவர்களுக்கு முந்தல் தெரியும், அடிவாரம். செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி அலறியது, நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், அலறியது, நின்றது. அப்பா இறங்கி நின்று சொன்னார்: "சத்தம் மட்டும் மேட்டுக்குப் போயிருச்சு, வண்டி இங்கயே நிக்குது."

ஏன் நின்றது? இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் வழியாகப் புது ஆட்கள் ஏறுகிறார்கள், பின்வாசல் வழியாகப் பழைய ஆட்கள் இறங்குகிறார்கள், இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் அப்படித்தான். வால்வு கிடையாது, பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே வாசலைத் திறக்கிறது, அதுவே மூடுகிறது. எரிந்த புகை வெளியே போகும்போதே புதுப் பெட்ரோல் காற்று உள்ளே வருகிறது. கூட்டத்தில் என்ன நடக்கும்? இப்போது ஏறின ஆளும் தள்ளுமுள்ளில் பின்வாசல் வழியாக வெளியே விழுவான். அவனைத் திரும்ப உள்ளே தள்ளிவிட ஒரு கண்டக்டர் வேண்டும்.

அந்தக் கண்டக்டர்தான் சைலன்சர். புகை ஒவ்வொரு முறையும் வெடித்து வெளியே வரும்போது குழாய்க்குள் ஓர் அலை ஓடுகிறது. கிணற்றில் கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக அலை போய்ச் சுவரில் முட்டித் திரும்புகிறது இல்லையா, அதேபோலக் குழாய் அகலுகிற இடத்திலும் குறுகுகிற இடத்திலும் முட்டி அந்த அலை திரும்பி வருகிறது. சரியான நேரத்துக்குத் திரும்பி வந்தால், வாசலைத் தாண்டி வெளியே போன புது பெட்ரோல் காற்றை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். வாலை அறுத்தால் அலை வரும் நேரம் மாறிவிடும். வாசலை உயர்த்தினால், வேகமாகச் சுற்றும்போது மட்டும்தான் இழுவை இருக்கும், மெதுவாகச் சுற்றும்போது இருந்த இழுவையும் போய்விடும். கியர் மாற்றுகிற வண்டியில் ரேஸைக் குறையவிடாமல் ஓட்டலாம், ஒற்றை கியர் மொபெட்டில் மேடு வந்தால் என்ன செய்வது? இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இந்த அலைக் கணக்கைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் இருந்தார், வால்டர் காடன் என்று பெயர். இவர் கதையைச் சொல்லாமல் என்னால் டூ ஸ்ட்ரோக் பற்றிப் பேச முடியாது, கடைக்கு வருகிறவர்களுக்கு நான்கைந்து முறை சொல்லிச் சலிப்பேற்றியிருக்கிறேன். கிழக்கு ஜெர்மனிக்காரர், போர்க்காலத்தில் பீனமுண்ட ராக்கெட் தளத்தில் வேலை பார்த்தவர், பிறகு எம்.இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியின் ரேஸ் வண்டிகளைக் கவனித்தார். கையில் காசு கிடையாது, நல்ல உதிரிபாகம் கிடையாது. அந்த நிலையில் புகைக்குழாயின் வடிவத்தை மாற்றி மாற்றி, 1961 வாக்கில் 125 சிசி இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். நம்முடைய 70 சிசி எக்ஸெல் தருவது சுமார் மூன்றரை என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண் விளங்கும்.

அவருடைய வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். அந்த 1961-ல் உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்வீடன் பந்தயத்தில் டெக்னரின் இன்ஜின் மக்கர் செய்தது, அதோடு மனிதர் தப்பித்து மேற்கு நாடுகளுக்குப் போய்விட்டார். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி, பிள்ளைகளையும் காரில் ஒளித்து எல்லை தாண்ட வைத்தார்கள். போனவர் நேரே சுசூகியில் சேர்ந்தார், காடனின் குழாய் வித்தையும் கூடவே போனது. அடுத்த வருஷம், 1962-ல், 50 சிசி பிரிவை உலகப் பந்தயத்தில் முதல் தடவையாகச் சேர்த்தார்கள், அதில் சுசூகியில் டெக்னர் ஜெயித்தார். 50 சிசி, நேயர்களே. நம் மொபெட் அளவு. எனக்கு இந்தக் கதையில் மனசு ஆறாத இடம் காடன்தான். யோசித்துக் கண்டுபிடித்தவர் ஊரிலேயே இருந்துவிட்டார், பட்டம் கடல் தாண்டிப் போய்விட்டது.

தம்பி கண்ணாடியில் தட்டுகிறார். சரி, ஊருக்கு வருகிறேன்.

பால் ஊற்றுகிற அண்ணன் ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். இரண்டு பக்கமும் கேன் தொங்குகிற வண்டி. மேடு ஏறவில்லை. அதற்குள் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார், ரிங் மாற்றியாகிவிட்டது, கார்பரேட்டர் புதுசு, பிளக் புதுசு, செலவு மேல் செலவு. நான் ஒரு ஸ்பேனரும் எடுக்கவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, சைலன்சர் வாலுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைத்தேன். நல்ல வண்டியில் புகை கையில் டப் டப் டப் என்று தனித்தனியாக அடிக்கும். அவருடைய வண்டியில் இளைப்பு நோய்க்காரர் மூச்சு விடுகிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. வாலில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி உள்குழாயை உருவினேன். வரவில்லை, தட்டித் தட்டித்தான் வந்தது. உள்ளே துவாரம் பென்சில் நுழைகிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது, சுற்றிலும் அடுப்புக்கரி மாதிரி கெட்டியான கார்பன்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்றுவது. எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "லிட்டருக்கு ஒரு டம்ளர், இன்ஜினுக்கு நல்லதுதானே" என்றார். இது பெரிய தப்பு, திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பெரிய தப்பு. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் வண்டிக்கு எது என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அதை ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கரி அடைப்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், கார்பரேட்டரில் பெட்ரோல் போகிற ஜெட் என்கிற சின்னத் துவாரத்தில் ஆயில் இடம் பிடித்துக்கொள்வதால் பெட்ரோல் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு. ஆக, இன்ஜினைக் காப்பாற்ற ஊற்றிய ஆயிலே அதைச் சூடாக்குகிறது.

உள்குழாயைத் தீயில் காட்டித் தட்டினோம், இரண்டு கை கொள்ளும் அளவு கரி கொட்டியது. சிலிண்டர் வாசலில் இருந்ததையும் எடுத்தோம். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு மரக்குச்சியால் சுரண்ட வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் விட்டால் அலுமினியம் கீறிவிடும். ஒரு ஸ்பேர் பார்ட்ஸும் வாங்கவில்லை. மறுவாரம் அண்ணன் ஒரு தூக்கில் சீம்பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது பிளக். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேட்டில் முழு ரேஸில் ஒரு கிலோமீட்டர் ஏறிவிட்டு, அந்த ரேஸிலேயே சுவிட்சை அணைத்து நிறுத்துங்கள். மெதுவாக ஓட்டி வந்து வீட்டில் பார்த்தால் அது பொய் சொல்லும். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். வெள்ளை வெளேர் என்று இருந்தால் பயப்படுங்கள், அடுத்து பிஸ்டன் ஜாம்தான். ஜெட்டை மாற்றுவதற்கு முன்னால் பேக்கிங், ஆயில் சீல் வழியாகக் காற்று ஏறுகிறதா என்று பாருங்கள். ரேஸை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

சைக்கிளில் மாட்டுகிற இன்ஜின், கிட் என்பார்கள். இப்போது பையன்கள் ஆன்லைனில் வாங்கி வருகிறார்கள். பெட்டியில் 80 சிசி என்று எழுதியிருக்கும். ஒன்றை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம், 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 38. கணக்குப் போட்டால் 66 சிசி வருகிறது, 80 இல்லை. சரி, அது போகட்டும். அதில் வேகம் கூட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நட்டுகளை இறுக்குவது. அதிர்வில் கார்பரேட்டர் பக்க போல்ட் தானாகத் தளரும், காற்று ஏறும், நான் முன்னால் சொன்ன வெள்ளைப் பிளக் வரும். அடுத்து பின் பல்சக்கரம். மேட்டு ஊர்க்காரர்கள் 44 பல்லையே வைத்துக்கொள்ளுங்கள், சமதளக்காரர்கள் 36 போட்டால் இன்ஜின் கத்தாமல் ஓடும். ஹெட்டை லேத்தில் குறைத்து கம்ப்ரஷன் ஏற்றுவது பற்றியும் எழுதி வைத்திருந்தேன், பிளக் துவாரம் வழியாக மெல்லிய ஈயக்கம்பியை விட்டு எவ்வளவு நசுங்குகிறது என்று அளக்கிற முறை... இரண்டு நிமிஷம் என்று தம்பி விரலைக் காட்டுகிறார். விட்டுவிடுகிறேன்.

பிரேக். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், காடன் நேரத்தைத் தின்றுவிட்டார். சைக்கிள் பிரேக் மிதிக்கிற வேகத்துக்குச் செய்தது. 20 கிலோமீட்டர் வேகம் 40 ஆனால் நிற்கிற தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மழையில் ரிம் நனைந்தால் ரப்பர் பிடிக்கவே பிடிக்காது. கிட் வாங்குகிற காசில் முதலில் முன்சக்கரத்துக்கு ஒரு டிரம்மோ டிஸ்க்கோ போடுங்கள். இன்னொன்று, 25 சிசிக்கு மேல் போனால் சட்டப்படி அது சைக்கிள் இல்லை, மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும், அந்த 66 சிசிக்கும் சேர்த்துத்தான்.

விளக்கு அணைகிறது. ஈயக்கம்பி விஷயம் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், ஞாயிறு மத்தியானம் தவிர எப்போதும் இருப்பேன். வணக்கம்.