ஏற்காட்டில் ஆஸ்மாந்தஸ்: குளிர் தொட்டால் மணக்கும் செடி

[காட்சி: விடியற்காலைப் பனிமூட்டம். கேமரா ஒரு கிளையை மெதுவாக நெருங்குகிறது.]

வணக்கம். இந்தக் கிளையைக் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். முதலில் இலைதான் கண்ணில் படும். கரும்பச்சை, நல்ல தடிப்பு. இப்போது இலையை விரலால் ஒதுக்குகிறேன். காம்பு தண்டோடு சேரும் மூலையில் அரிசி நொய் மாதிரி கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பூ. நாலு இதழ். மொத்தமாக அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வருவதே கஷ்டம். நேற்று ராத்திரி கதவைத் திறந்ததும், பழுத்த பீச் பழத்தை அறுத்துத் தேனில் போட்டு வைத்தது போல ஒரு மணம் வாசல் வரை வந்து நின்றது. அத்தனையும் இந்த நொய்யிலிருந்துதான்.

இதன் பெயர் ஆஸ்மாந்தஸ். நர்சரியில் ஸ்வீட் ஆலிவ் என்று கேட்டாலும் தெரியும். ஆலிவ் குடும்பத்துச் செடி. நம் மல்லிகையும் பவளமல்லியும் இதே குடும்பம்தான், அதனால் நமக்கு ரொம்ப அந்நியம் இல்லை. இமயமலையிலிருந்து தென் சீனா, தைவான், தென் ஜப்பான் வரை இதற்குச் சொந்த ஊர். சீனாவில் குய்லின் என்ற நகரத்தின் பெயருக்கே ‘ஆஸ்மாந்தஸ் காடு’ என்று அர்த்தம். நம் நாட்டில் குமாவுன் மலைக்காரர்கள் இதைச் சிலங் என்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கத் துணிகளுக்கு நடுவில் இந்தப் பூவை வைப்பார்கள். நம் பாட்டிமார்கள் பட்டுப்புடவைப் பெட்டியில் தாழம்பூ வைத்தார்களே, அதே வழக்கம்.

சரி, இதை ஏன் ஏற்காட்டில் வைக்கச் சொல்கிறேன்? இங்கே காப்பித் தோட்டம் பார்த்தவர்களுக்கு ஒரே வரியில் புரிந்துவிடும். காப்பிக்குப் பூ மழை எப்படியோ, இந்தச் செடிக்குக் குளிர் அப்படி. கோடையில் ஒரு நல்ல மழை விழுந்து சில நாளில் மலை முழுக்கக் காப்பி பூக்கிறது இல்லையா? மொட்டு முன்பே தயாராக இருக்கும், மழை ஒரு தட்டு தட்டி எழுப்பிவிடும். ஆஸ்மாந்தஸும் கோடையிலேயே மொட்டுக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். வெயில் காலம் முடிந்து ராத்திரியில் குளிர் இறங்கியதும் மொட்டு விரியும். காப்பிப் பூவைப் போலவே சில நாள்தான், அப்புறம் உதிர்ந்துவிடும். 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு அந்தக் குளிர் தானாகக் கிடைக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போனால், உயரம் 300 மீட்டருக்கும் கீழே.

ஒரு சங்கடம் உண்டு. பூ விரியும் ஐப்பசியில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஒரே அடைமழையில் மொத்தப் பூவும் தரைக்கு வந்துவிடும். அதனால் நாலு பருவமும் விட்டுவிட்டுப் பூக்கும் ரகத்தைத் தேடி வாங்குங்கள். மணம் கொஞ்சம் மட்டு. ஆனால் ஒரு மழையில் வருஷம் வீணாகாது. ஆரஞ்சு நிறப் பூ பூக்கும் ரகமும் இருக்கிறது, பார்க்க அத்தனை அழகு. அந்த நிறத்துக்குக் காரணம் கேரட்டில் இருக்கும் அதே கரோட்டின் வகைப் பொருள்கள். அவை உடையும்போது உண்டாகும் பீட்டா அயனோன் என்ற பொருளுக்கு இந்த மணத்தில் பெரிய பங்கு. நிறமே மணமாக மாறுகிறது என்று முதலில் படித்தபோது, நான் எழுந்து போய் அந்தப் பூவை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

[காட்சி: இரண்டு இலைகள் ஒரு தட்டில்.]

வாங்கும்போது ஒன்று பாருங்கள். எனக்கு முதலில் ஆஸ்மாந்தஸ் என்று கொடுக்கப்பட்டது காமினிச் செடி. அதுவும் மணக்கும், ஆனால் இது அது இல்லை. இடது பக்கம் காமினி: கறிவேப்பிலை போல ஒரு ஈர்க்கில் பல சிற்றிலைகள். வலது பக்கம் ஆஸ்மாந்தஸ்: தனித்தனி இலை, தண்டில் எதிரெதிரே ஜோடியாக. இந்த ஒரு அடையாளம் போதும், ஏமாற மாட்டீர்கள்.

நடுவதற்கு ஒன்றரை அடிக் குழி. செம்மண்ணோடு மட்கிய இலைச் சருகும் நன்றாக மட்கிய தொழு உரமும் கலந்தால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. சரிவில் நட்டால் அந்தக் கவலையே இல்லை. பாதி நாள் வெயில் வேண்டும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்கு நேர் அடியில் வைத்தால் செடி உயிரோடு இருக்கும், பூ கஞ்சத்தனமாகத்தான் வரும். விட்டுவிட்டால் மூன்று மீட்டருக்கு மேல் வளரும். ஜன்னல் பக்கமோ நடைபாதை ஓரமோ வையுங்கள், மூலையில் வைத்தால் மணம் யாருக்கும் இல்லாமல் போகும்.

சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அக்கா ஒரு தொட்டிச் செடி கேட்டு வாங்கிப் போனாள். ஆறு மாதத்தில் போட்டோ அனுப்பினாள். இலை எலுமிச்சை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, வலை விரித்த மாதிரி. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரும்புச் சத்து ஏறவில்லை. அவள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். அத்தனை கடினமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண் காரத்தன்மைக்கு மாறும், இரும்பு மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இந்தச் செடிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். மண்ணை மாற்றி, மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். புதுத் துளிர் பச்சையாக வந்தது. சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் நிழல் கொடுக்கிறாள். தை மாதம் நாலைந்து கொத்து பூக்கிறது. சமவெளியில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கவாத்து செய்வதென்றால் மாசி, பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு வருஷம் நான் ஆடியில் அழகுக்காகச் சுற்றிலும் வெட்டினேன். கட்டியிருந்த மொட்டெல்லாம் குப்பையோடு போனது. அந்த ஐப்பசியில் ஒரு பூ இல்லை.

கன்று பெருக்க விதையை நம்ப வேண்டாம், முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தேங்காய் நார்க்கழிவை வைத்துப் பாலிதீன் கட்டிப் பதியம் போடுங்கள். மழைக்காலம் தொடங்கும்போது போட்டால் நல்லது. வேர் பாலிதீனுக்குள் வெள்ளையாகத் தெரியும்வரை கட்டைப் பிரிக்காதீர்கள்.

[காட்சி: செடியின் கீழ் விரித்த வெள்ளை வேட்டி.]

இனி பூவுக்கு வருவோம். இதை நாரில் தொடுக்க முடியாது, காம்பு அத்தனை சின்னது. மகிழம்பூவைப் போலப் பொறுக்கி எடுக்கும் பூ. பனி காய்ந்ததும் அடியில் வேட்டியை விரித்துக் கிளையை மெல்லக் குலுக்குங்கள். இலைத்துண்டு, காம்பு எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும், காம்பு இருந்தால் கசக்கும். நர்சரியில் வாங்கிய முதல் வருஷப் பூவைச் சாப்பிடாதீர்கள், என்ன மருந்து அடித்திருப்பார்களோ. பக்கத்தில் அரளி இருந்தால் இரட்டிப்புக் கவனம். அரளி விஷம், அதன் பூ ஒன்றுகூடக் கலக்கக் கூடாது.

சீனாவில் தேயிலையையும் இந்தப் பூவையும் அடுக்கடுக்காக வைப்பார்கள். தேயிலை மணத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். வீட்டிலும் செய்யலாம். நீலகிரித் தேயிலை ஒரு கைப்பிடி, புதுப்பூ ஒரு கைப்பிடி, மூடிய பாட்டிலில் ஒரு ராத்திரி. காலையில் சலித்துவிட்டுத் தேயிலையை நிழலில் உலர்த்துங்கள், பூவின் ஈரம் அதில் ஏறியிருக்கும்.

எனக்குப் பிடித்தது பாசிப்பருப்புப் பாயசம். நிழலில் உலர்த்திய பூவை ஏலக்காய் போலக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடி வைக்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் மணம் சமையலறையோடு போய்விடும், பாயசத்தில் நிற்காது. நாலு பேருக்கு அரை ஸ்பூன் அளவு. ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறங்கள்.